ஏழாம் கம்பத்தின் நான்கு செல்கள்

அக்டோபர் 25, 2022, செவ்வாய்

இது இவருடைய டைரி. உரக்கடைக்காரர் வருஷப் பிறப்புக்குக் கொடுத்தது. ஜனவரி ஒன்பதாம் தேதி வரை எழுதியிருக்கிறார், அதுவும் ஷிப்ட் நேரமும் மழையும்தான். மீதிப் பக்கங்கள் சும்மா கிடக்கின்றன. வீணாவானேன் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இவர் என்று எழுதுவது பழக்கம். பெயர் இருதயராஜ். டீ பாக்டரியில் டிரையர் பார்த்தவர், என் கணவர். இந்த மாதம் ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறே முக்காலுக்கு, ஏழாம் கம்பத்துக்குக் கீழே இருக்கும் குறுக்குவழியில் யானை அடித்து இறந்துபோனார். பதினெட்டு நாளாக ஊரே பேசுகிற விஷயம், எழுதினால் மூன்று வரி கூட வரவில்லை.

இன்று வேலைக்குத் திரும்பினேன். எங்கள் குழுவுக்கு வேலை ஒன்றுதான். எஸ்டேட்டுக்குள் யானை எங்கே நிற்கிறது என்று காவல்காரர்கள் போன் செய்வார்கள். உடனே அந்தப் பக்கத்துக் கம்பத்தில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும். எரிந்தால் அந்த வழியில் போகக் கூடாது, எரியாவிட்டால் போகலாம். மொத்தம் பதினான்கு கம்பங்கள். மழைக்காலத்தில் சோலார் பலகை பேருக்குத்தான் இருக்கிறது. அதனால் கம்பத்துக்கு நான்கு ரீசார்ஜ் செல்கள் வைத்து, வாரா வாரம் மாற்றுகிறோம். எல்லாம் பழைய லேப்டாப் பேட்டரிகளிலிருந்து பிரித்தெடுத்தவை. எது தாங்கும், எது தாங்காது என்று டெஸ்டரில் பார்த்து எடுத்து வைப்பது நான். கொண்டுபோய்க் கம்பத்தில் போடுவது பவுன்ராஜ் அண்ணன்.

அன்றைக்கு ஏழாம் கம்பம் எரியவில்லை.

எங்கள் குழுவை நடத்தும் முரளிதரன் சார் நாற்காலியை இழுத்துப் போட்டார். “பிலோமினா, எல்லாக் கம்பத்துலயும் புது செல் போட்டாச்சுங்க. பழசைக் கழட்டி கம்பம் வாரியா பையில கட்டி அலமாரியில வெச்சிருக்கேன். ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் குடுங்க. அடுத்த மாசம் பதிமூணாந்தேதி மன்றத்துல மீட்டிங். பவுன்ராஜ வேலையில வெச்சுக்கறதா, அனுப்பிடறதான்னு அன்னைக்கு முடிவு பண்ணிடுவாங்க. உங்களால முடியுமா? இல்லைன்னா கோயம்புத்தூர்ல இருந்து யாரையாச்சும்...”

“முடியும் சார்” என்றேன்.

டெஸ்டரில் நான்கு குழிகள். கம்பத்துக்கு நான்கு செல்கள். ஒரு நாளைக்கு ஒரு கம்பம்.

கம்பம் 1: 2210, 2184, 2090, 1876.

அக்டோபர் 26, புதன்

கம்பம் 2: 2302, 2255, 1640, 2011.

இந்த டெஸ்டர் மலிவுச் சரக்கு, தபாலில் வந்தது. சோப்பு டப்பா அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, முகத்தில் சின்னத் திரை. செல்லைக் குழியில் வைத்தால் முதலில் முழுக்க நிரப்பும். பிறகு முழுக்க வடித்துவிடும். வடிக்கும்போதுதான் எண்ணும். எவ்வளவு வந்தது என்பதுதான் திரையில் தெரியும் எண். பிறகு மறுபடி நிரப்பி வைத்துவிட்டு ‘கீ’ என்று கத்தும். காலையில் வைத்தால் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை எனக்குக் கையில் வேலை இல்லை. அதனால்தான் டைரி.

இரண்டாயிரத்துக்கு மேல் வந்தால் நல்லது. ஆயிரத்தைந்நூறுக்கு மேல் வந்தால் சுமார், அதைச் சாலையோரக் கம்பங்களுக்குக் கொடுக்கலாம். அதற்கும் கீழே என்றால் போச்சு.

முன்பெல்லாம் எண்ணையே செல்லின் மேல் மார்க்கரால் எழுதிவிடுவேன். பவுன்ராஜ் அண்ணனுக்கு நாலு இலக்க எண் பிடிபடாது, எழுத்துக் கூட்டிப் படிப்பார். அவருக்காகத்தான் செப்டம்பர் கடைசியில் எழுத்தாக மாற்றினேன். நல்லதுக்கு ‘ந’, சுமாருக்கு ‘சு’. இரண்டையும் அவரிடம் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது அவர் கைக்குப் போகவே போகாது, கோயம்புத்தூருக்குக் கழிவு அனுப்பும் சிவப்பு வாளிக்குப் போய்விடும். அதனால் சொல்லவில்லை.

மகள் அனிட்டாவின் சீருடைக்குப் பித்தான் தைக்க வேண்டும்.

அக்டோபர் 27, வியாழன்

கம்பம் 3. எல்லாம் சரி.

மதியம் யூனியன்காரர் இருவர் சாரைப் பார்க்க வந்தார்கள். நடுவறைக்குப் பலகைச் சுவர்தான், பேசுவது எல்லாம் கேட்கும். பவுன்ராஜ் அண்ணன் அன்று காலை ஏழாம் கம்பத்துக்குப் போகவே இல்லை என்கிறார்கள். மழைக்குப் பயந்து பழைய செல்லையே விட்டுவிட்டு வந்திருப்பான் என்கிறார்கள். குடித்திருந்தான் என்றும் ஒருவர் சொன்னார். அவர் குடித்து நான் பார்த்ததில்லை.

பவுன்ராஜ் அண்ணன் சொல்வது ஒன்றே ஒன்றுதான், போலீஸ் கேட்டபோதும் அதையேதான் சொன்னாராம். “நான் போட்டேன். பட்டன அமுக்கிப் பாத்தேன். எரிஞ்சுச்சு.”

காலையில் எரிந்த விளக்கு சாயங்காலம் எப்படி எரியாமல் போகும் என்று ஒருவரும் நம்பவில்லை.

போகிற போக்கில் யூனியன்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். “நீங்க அவன ஒரு வார்த்த வையலையாமேம்மா. பெரிய மனசு உங்களுக்கு.”

நான் டெஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது குழியில் 1998.

அக்டோபர் 28, வெள்ளி

கம்பம் 4. மூன்று நல்லது, ஒன்று சுமார்.

இவர் போனில் காலை ஐந்து பத்துக்கு அலாரம் இன்னும் அடிக்கிறது. நான் நிறுத்துவதில்லை. சார்ஜ் குறைந்தால் போட்டுவைக்கிறேன். ஏன் என்று அனிட்டா கேட்டாள். போன் என்றால் சார்ஜில் இருக்க வேண்டும் என்றேன்.

அக்டோபர் 29, சனி

கம்பம் 5. மழை.

அக்டோபர் 30, ஞாயிறு

அனிட்டா பவுன்ராஜ் அண்ணன் வீட்டுத் தகரத்தில் கல்லெறிந்திருக்கிறாள். ஒரு கல் இல்லை, ஏழெட்டு. பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்லிவிட்டுப் போனாள். சொன்னவள் குரலில் குறையே இல்லை, நல்ல காரியம் செய்தாள் என்பதுபோலத்தான் இருந்தது.

அனிட்டாவுக்குப் பதின்மூன்று வயது. போன மாதம் வரை அவரைப் பெரியப்பா என்று கூப்பிட்டு, அவர் வீட்டுப் பலாக்கொட்டையைச் சுட்டுத் தின்றவள். இப்போது பள்ளிக்கூடத்துக்கு அவர் வீட்டு வழியாகப் போவதில்லை. பாக்டரியைச் சுற்றிக்கொண்டு போகிறாள், கால் மணி நேரம் கூடுதல்.

“அவரு என்னடி செஞ்சாரு உன்ன?” என்றேன்.

“அப்பாவக் கொன்னவருக்கு நீ சப்போட்டா?”

அரிசி களைந்தேன். கல் எறியாதே என்று சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 31, திங்கள்

கம்பம் 6: 2077, 2140, 1522, 2200.

சிவப்பு வாளி காலியாக இருக்கிறது. கோயம்புத்தூருக்குப் போயிருக்கும்.

நவம்பர் 1, செவ்வாய்

கம்பம் 8. நல்லது மூன்று, சுமார் ஒன்று.

ஏழின் பை அலமாரியில் இருக்கிறது. மற்றவை எல்லாம் உதிரியாக இருக்க, அது மட்டும் நான்கும் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றி இருக்கிறது. மழை இறங்காமல் இருக்கப் பவுன்ராஜ் அண்ணன் அப்படித்தான் சுற்றுவார். மற்ற கம்பத்துக்கு டேப் தீர்ந்துபோயிருக்கும். சார் அதைப் பிரிக்காமலே வைத்திருக்கிறார்.

வரிசைப்படிதான் செய்ய வேண்டும் என்று சார் சொல்லவில்லை. ஏழைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

வாளியைப் பற்றி நேற்று எழுதியது தவறு. கோயம்புத்தூருக்குப் போகிற சாமான் பட்டியலை நான்தான் எழுதுகிறேன். ஆகஸ்டுக்குப் பிறகு எதுவும் போகவில்லை.

நவம்பர் 2, புதன்

கல்லறைத் திருநாள். விடுப்பு.

புது மண் சரிந்து ஒரு பக்கம் இறங்கிவிட்டது. அனிட்டா கையாலேயே அள்ளிப் போட்டுத் தட்டினாள். மெழுகுவர்த்தி காற்றுக்கு நிற்கவில்லை, ஆறு தீக்குச்சி போனது. சாமந்தி வைத்தோம். எல்லோரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை, காலில் அட்டை ஏறியிருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடக்கையில் ஒன்று நினைவுக்கு வந்தது, எழுதிவிடுகிறேன். போன வருஷம் விளக்குகளைப் போட்ட புதிதில் இவருக்கு அதில் நம்பிக்கையே இல்லை. சுற்றுவழியில்தான் வருவார். “நம்ம போட்ட விளக்கு, நீங்களே நம்பலேன்னா எப்புடி? எரியலேன்னா தைரியமா குறுக்கால வாங்க” என்று நான்தான் சொன்னேன். அதன் பிறகு வளைவில் நின்று கம்பத்தைப் பார்ப்பார், எரியவில்லை என்றால் இறங்கிவிடுவார். எங்கள் வீட்டு வாசலிலிருந்து அந்த வளைவு தெரியும்.

நவம்பர் 3, வியாழன்

கம்பம் 9.

பவுன்ராஜ் அண்ணன் மனைவி ராக்கம்மா அக்கா ஆபீசுக்கே வந்துவிட்டார். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வாங்க என்றதற்கு வரவில்லை.

“மனுசன் சோறு திங்க மாட்டேங்கறாரு புள்ள. வெட்டவெளியப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காரு. தகரத்துல கல்லு விழுந்துச்சே, அன்னைக்குக்கூட எந்திரிச்சுப் போய்ப் பாக்கல. ‘எறியட்டும், சின்னப்புள்ள, அதுக்கு வேற யாரு இருக்கா எறியறதுக்கு’ங்கறாரு. நீ ஒருக்கா வந்து தலையக் காட்டுனா தேறிருவாரு. நீ கோபமா இல்லைன்னு தெரிஞ்சாப் போதும்.”

“எனக்கு அவர் மேல கோபம் இல்லைக்கா.”

“தெரியும் தாயி. அதான் ஊரே உன்னப் பத்திச் சொல்லுதே” என்று என் கையைப் பிடித்து அழுதார்.

வருகிறேன் என்றேன், போகவில்லை.

நவம்பர் 4, வெள்ளி

கம்பம் 10. கேஸ் தீர்ந்துவிட்டது. புது சிலிண்டர் மாற்றத் தெரியாமல் பக்கத்து வீட்டில் கூப்பிட்டேன். இத்தனை நாள் கரண்டு வேலை பார்த்திருக்கிறேன், இது தெரியவில்லை.

நவம்பர் 5, சனி

முப்பதாம் நாள் பூசை.

கோயில் நிறைந்திருந்தது. சாமியார் பிரசங்கத்தில் என் பெயரையே சொல்லிவிட்டார். “மன்னிப்புன்னா என்னன்னு நாம புத்தகத்துல தேட வேண்டாம். அதோ, மூணாவது வரிசையில உக்காந்திருக்காங்க. ஒரு கெட்ட வார்த்தை, ஒரு சாபம், அவங்க வாயில இருந்து வரலை.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. காய்ச்சல் வந்தவளுக்குப் போலக் காது இரண்டும் சுட்டது. ஒரு மாதத்தில் எனக்கு ஏதாவது உறைத்தது என்றால் அது இன்றைக்குத்தான்.

வெளியே வந்தபோது கேட்டுக்கு அந்தப் பக்கம், குடை இல்லாமல், பவுன்ராஜ் அண்ணன் நின்றிருந்தார். அவர் கோயிலுக்கு வருகிறவர் இல்லை. சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாகத் தெரிந்தது. அனிட்டா அவரைப் பார்த்ததும் தரையில் துப்பிவிட்டு நடந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன்.

நவம்பர் 7, திங்கள்

கம்பம் 11. இரண்டாவது குழியில் வைத்தது வேடிக்கை காட்டியது. மீட்டரில் தொட்டால் 4.1 வோல்ட், புதுமாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. வடிக்கத் தொடங்கியதும் கால் மணியில் தரை தட்டிவிட்டது. தேய்ந்துபோன செல் சும்மா இருக்கும்வரை நிறைவாகத்தான் காட்டும். வேலை கொடுத்தால்தான் தெரியும். தெரிந்த விஷயம்தான், எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 8, செவ்வாய்

கம்பம் 12. “ஏழு ஆச்சா?” என்று சார் கேட்டார். கடைசியில் என்றேன்.

நவம்பர் 9, புதன்

கம்பம் 13.

நவம்பர் 10, வியாழன்

கம்பம் 14. எல்லாம் ஆயிற்று, ஏழைத் தவிர.

நவம்பர் 11, வெள்ளி

ஆபீசில் இன்று நான் மட்டும்தான். சார் கோயம்புத்தூர் போயிருந்தார்.

பையைப் பிரித்தேன். டேப் நன்றாகப் பிடித்திருந்தது. பல்லால் கடித்துத்தான் நுனியை எடுக்க முடிந்தது. நான்கு செல்கள். நான்கின் மேலும் நீல மார்க்கரில் ‘போ’. இரட்டைக்கொம்பின் தலையை நான் எப்போதும் கொஞ்சம் பெரிதாக வளைப்பேன். நான்கிலும் அப்படியே வளைந்திருந்தது.

எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அதை எழுதாமல் விட்டால் இந்த டைரிக்கே அர்த்தமில்லை. எனக்கு முதல் நாளே தெரியும். இவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோதே தெரியும்.

அக்டோபர் ஆறு, வியாழக்கிழமை. மூன்று மணிக்கு இவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். அன்றைக்கு ஷிப்ட் இல்லை. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, அனிட்டாவுக்கு ஷூ வாங்க வேண்டும். “பஸ்சு வளைவுல ஹாரன் அடிச்சிருச்சு, வா, வா” என்றார். அப்போதுதான் டெஸ்டர் கத்தியது. நான்கு செல்களும் இருநூறைச் சுற்றியே நின்றன. நின்றபடியே நான்கிலும் போ, போ, போ, போ என்று எழுதினேன். போச்சு என்பதற்குப் போ. சிவப்பு வாளி பின் அறையில் இருந்தது. கைக்குப் பக்கத்தில் பச்சைத் தட்டு. மறுநாள் காலையில் மாற்றிக்கொள்ளலாம் என்று அதில் வைத்துவிட்டு ஓடினேன். பச்சைத் தட்டு கம்பத்துக்குப் போகிற செல்களுக்கானது.

மறுநாள் காலை பவுன்ராஜ் அண்ணன் வந்து தட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டு போய் எட்டு மணிக்கே கம்பத்தில் போட்டிருந்தார். டெஸ்டர் நிரப்பி வைத்த செல்கள், பட்டனை அமுக்கியதும் எரிந்திருக்கும். பகல் முழுக்க சிக்னலுக்குக் காத்திருந்தே வடிந்துபோயிருக்கும்.

நான் பத்து மணிக்கு வந்தேன். தட்டு காலியாக இருந்தது. காலியாக இருந்ததைப் பார்த்தேன். ஏதோ ஒன்று செய்ய வேண்டும் என்று நினைத்தேன், என்னவென்று நினைவு வரவில்லை, டீ போட்டுக் குடித்தேன். இவர் பாக்டரியை விட்டுக் கிளம்ப எட்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

எழுதிவிட்டேன்.

இனி இன்று செய்ததையும் எழுத வேண்டும். மேஜையில் சானிடைசர் இருந்தது. பஞ்சில் நனைத்துத் தேய்த்தால் மார்க்கர் மை போய்விடும். முதல் செல்லைத் துடைத்தேன், இரண்டாவது, மூன்றாவது. எழுத்து இல்லாவிட்டால் அவை வெறும் தேய்ந்த செல்கள், எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் தெரியாது. பவுன்ராஜ் அண்ணன் எந்தத் தட்டிலிருந்து எடுத்தார் என்று கேட்டால் அவர் சொல்வதை யார் நம்பப்போகிறார்கள். இப்படியெல்லாம் அழகாக யோசித்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அனிட்டா என்னைப் பார்த்துத் துப்புவாள் என்ற பயம், வேறொன்றும் இல்லை.

நான்காவதைக் கையில் எடுத்தபோது பவுன்ராஜ் அண்ணன் வாசலில் நின்றார். ஆபீஸ் டார்ச்சையும் மழைக்கோட்டையும் மடித்து எடுத்து வந்திருந்தார்.

“இத ஒப்படைச்சிரலாம்னு வந்தேன் புள்ள. ஞாயித்துக்கெழம அவங்களா வாங்குறதுக்கு முன்னாடி.”

அவர் பார்வை மேஜைமேல் விழுந்தது. பஞ்சு நீலமாக இருந்தது. மூன்று செல்கள் வெள்ளையாக, ஒன்று என் கையில்.

டார்ச்சை மேஜை ஓரத்தில் வைத்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

“அந்த ஒண்ணையும் அழிச்சிரு புள்ள.”

செல்லைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

“போலீசு கேட்டப்பவே சொல்லிருப்பேன், போ-ன்னு எழுதியிருந்துச்சு, போடச் சொல்றியாக்கும்னு போட்டேன்னு. வாய் வரைக்கும் வந்துருச்சு. நீ மூலையில உக்காந்து அவஞ் சட்டைய மடியில வெச்சிருந்த. புருசனப் பறிகுடுத்தவகிட்ட போயி, நீ எழுதுனதுதான்டின்னு எப்புடிச் சொல்றது? அதான் எரிஞ்சுச்சுங்கறதோட நிறுத்திக்கிட்டேன்.”

“அண்ணே, அது போடு இல்ல. போச்சு.”

“அது அப்பறந்தான் எனக்கு வெளங்குச்சு. நெறய நாளு அதையேதான் நெனச்சுக்கிட்டு கெடந்தேன்.” மழைக்கோட்டை ஆணியில் மாட்டினார். “நாங் கெழவன். எம்பேரு கெட்டா ராக்கம்மாளோட போச்சு. உனக்கு ஒரு பொம்பளப்புள்ள இருக்கு. அழிச்சிரு.”

போய்விட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டேதான் போனார், ஏறவில்லை.

நான் அழிக்கவில்லை. நான்கையும் டெஸ்டரில் வைத்தேன். மற்ற கம்பங்களுக்கு ஒரு பகல் ஆகும். இதற்கு வடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

கம்பம் 7: 188, 207, 164, 193.

நவம்பர் 12, சனி

நிரம்பிய அந்த நான்கு செல்களையும் காலை எட்டு மணிக்கு உபரி விளக்கில் போட்டேன். பட்டனை அமுக்கினேன். பளிச்சென்று எரிந்தது. பவுன்ராஜ் அண்ணன் சொன்னது நிஜம்.

மாலை ஆறே காலுக்கு, காவல்காரர் அன்று போன் செய்த அதே நேரத்துக்கு, என் போனிலிருந்து சிக்னல் கொடுத்தேன். விளக்கு ஒருமுறை லேசாக மினுக்கியது, அவ்வளவுதான்.

இருட்டுகிறவரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்து தோசை வார்த்தேன். அனிட்டாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை அவள் பக்கத்தில் போய் நின்றேன். “என்னம்மா?” என்றாள். “சட்னி போதுமா?” என்று கேட்டேன்.

நவம்பர் 13, ஞாயிறு

மன்றத்தில் எழுபது எண்பது பேர் இருந்தார்கள். எனக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அனிட்டா பக்கத்தில். பவுன்ராஜ் அண்ணன் பின்சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

சார் என் ரிப்போர்ட்டைக் கேட்டார். பதின்மூன்று கம்பங்களைப் படித்தேன். ஏழு வந்ததும் எழுந்து நின்றேன்.

“ஏழாம் கம்பத்துல பவுன்ராஜ் அண்ணன் செல்லு போட்டாரு. எட்டு மணிக்குப் போட்டாரு. அமுக்கிப் பாத்தாரு, எரிஞ்சுச்சு. நான் நேத்து அதே செல்லப் போட்டுப் பாத்தேன், காலையில எரிஞ்சுச்சு, சாயங்காலம் எரியல.”

சலசலப்பு எழுந்தது. “அப்ப செத்த செல்லு எப்புடிம்மா அவன் கைக்குப் போச்சு?” என்றார் யூனியன்காரர்.

மடியில் வைத்திருந்த நான்காவது செல்லை அவரிடம் கொடுத்தேன். “இதுல என்ன எழுதியிருக்கு, படிங்க.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “போ.”

“போ-ன்னா என்ன?”

“போ-ன்னா... போடலாம்.”

அடுத்தவரிடம் கொடுத்தார். அவரும் போடு என்றார். ஒரு கொழுந்துக்காரம்மா, “போதும்னு இருக்கும், சார்ஜு போதும்னு” என்றார். கை மாறி கை மாறிச் செல் ஹால் முழுக்கச் சுற்றியது. போடலாம், போதும், போடு. வேறெதையும் யாரும் சொல்லவில்லை. பவுன்ராஜ் அண்ணன் கைக்கு வந்தபோது அவர் பார்க்காமலே அடுத்தவரிடம் தள்ளிவிட்டார்.

கடைசியில் அது அனிட்டாவிடம் வந்து நின்றது. அவள் கொம்பின் வளைவை விரலால் தடவினாள். வீட்டில் பல்பு பியூஸ் ஆனால், டார்ச் எரியாவிட்டால், அடுப்பு லைட்டர் பொறியாவிட்டால் நான் என்ன சொல்லி ஓரமாக வைப்பேன் என்று இந்த உலகத்தில் இனி அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

“போச்சு” என்றாள்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அம்மா, இது உன் எழுத்து.”

“ஆமா. நான்தான் எழுதினேன். தப்பான தட்டுல வெச்சதும் நான்தான். அவருக்கு இந்த எழுத்த நான் சொல்லிக் குடுக்கல. மூணு செல்லுல எழுத்த அழிச்சேன். அழிக்கும்போது அவர் பாத்தாரு. பாத்தும் நாலாவதையும் அழின்னு சொன்னாரு. நான் யாரையும் மன்னிக்கல. மன்னிக்கறதுக்கு எனக்கு எதுவும் இல்ல.”

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். பிறகு என்ன நடந்தது என்று சரியாக நினைவில்லை. ராக்கம்மா அக்கா சத்தமாக அழுதார். யாரோ என்னை உட்காரச் சொன்னார்கள். யாரோ திட்டினார்கள், அது காதுக்கு நன்றாக இருந்தது. சார் என்னைப் பார்க்காமல் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

அனிட்டா முன்னால் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் போனபோது கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். நான் வெளியே உட்கார்ந்து அழுதேன். இவர் போன பிறகு இன்றைக்குத்தான். முகம் வீங்கும் அளவுக்கு அழுதேன்.

நவம்பர் 14, திங்கள்

ஐந்து பத்துக்கு அலாரம் அடித்தது. அனிட்டாதான் நிறுத்தினாள்.

டீ வைத்தேன், குடிக்கவில்லை. சோற்று டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டாள். நான் வாசல் வரை போனேன். அவள் தெருமுனையில் கொஞ்சம் நின்றாள். பிறகு பாக்டரிப் பக்கம் திரும்பாமல், பவுன்ராஜ் அண்ணன் வீட்டு வழியாகப் போனாள்.